கொள்ளி வைத்த பிள்ளை

தாழைமுனை
29.05.2024

அன்புள்ள அக்காவுக்குத் தங்கச்சி கமலாட்சி எழுதுவது.

நான் பேனை பிடித்துக் கனகாலம். ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன் என் மனுசனுடைய இடுப்பில் செருகியிருந்தது. அவரோடு சேர்ந்து அதுவும் நசுங்கிப்போனது. புதிதாக வாங்க மனம் இல்லை. யார் எடுத்தாலும் "எப்பிடி நடந்தது, எப்பிடி நடந்தது" என்றுதான் கேட்பார்கள். இந்தக் கடிதத்தை மீன்பெட்டிக்காரத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் உங்கள் உருத்திரபுரம் பக்கம் மீன் விற்க வருகிறவன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

செத்தவீட்டில் உங்களோடு இரண்டு சொல் கதைக்க முடியவில்லை. வந்தீர்கள், பிரேதத்தைப் பார்த்தீர்கள், போய்விட்டீர்கள். அத்தான் வாசற் படலைக்கு வெளியிலேயே நின்றார். என் மனுசன் உயிரோடு இருந்த காலத்திலும் நீங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. மலைநாட்டில் இருந்து வந்த கூலியைக் கட்டிவிட்டேன் என்ற கோபம் இருபத்தைந்து வருடமாகியும் ஆறவில்லை. சரி, அது எனக்குப் பழகிவிட்டது.

நடந்ததை உங்களுக்கு நான் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல். கோடை முழுக்க நாங்கள் கரையில்தான் கிடப்போம், உங்களுக்குத் தெரியும். கரைவலை இழுக்கிற காலத்தில் சமையல், படுக்கை, சண்டை எல்லாம் கடற்கரை வாடிக் குடிசையில்தான். பொங்கல் அன்றைக்கு மட்டும் வலை இல்லை, அடுப்பு இல்லை, ஊரே கோயிலுக்குப் போய்விடும். அவர் வரமாட்டேன் என்றார். "நீ போடி. நான் இங்கனயே இருக்கேன். ஆளில்லாத நேரம் பாத்துத்தான் மண்ணு அள்ள வருவானுக" என்றார். எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்து மணல் மேட்டில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

பின்னேரம் பொங்கலோடு வந்தேன். வாடியில் ஆள் இல்லை. மேட்டுக்குப் பின்னால் காகங்கள். போய்ப் பார்த்தால் மேட்டில் பாதியைக் காணவில்லை. தாழை வேரோடு மல்லாந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் குப்புறக் கிடந்தார். முதுகில் டயர் அச்சு, கோலம் போட்டதுபோல் தெளிவாக. திருப்பினேன். வாய் நிறைய மணல். மூச்சு வரும் என்று விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தேன் அக்கா. மணல் முடிய இரத்தம் வந்தது. இரத்தம் முடிய ஒன்றும் வரவில்லை.

மணல் சரிந்து விழுந்து செத்தார் என்று பொலிஸ் எழுதிக்கொண்டு போனது. "மணல் சரிஞ்சால் முதுகில டயர் அடையாளம் விழுமோ ஐயா?" என்று கேட்டேன். "நீ கண்ணால கண்டனியோ?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

கொள்ளி வைக்க யார் என்று ஊர் கேட்டபோது, என் அக்காவின் மகன் இருக்கிறான், அவன் எனக்கும் பிள்ளைதான் என்று நான்தான் சொன்னேன். நான்தான் ஆள் அனுப்பித் தர்சனைக் கூப்பிட்டேன். தலையை மழித்து ஈர வேட்டியோடு நின்றான். வாய்க்கரிசி போடும்போது சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை பயந்துவிட்டான் என்று அவன் முதுகைத் தடவிவிட்டேன்.

கொள்ளி வைத்தவன்தான் அந்தியேட்டிக்குக் கடலில் பிண்டம் போடவேண்டும். ஜூன் பத்தொன்பதாம் தேதி முப்பத்தொன்றாம் நாள். அவனை முதல்நாளே அனுப்பிவிடுங்கள். அவனாவது என் கையால் ஒரு பிடி சோறு சாப்பிடட்டும்.

தங்கச்சி
கமலாட்சி


உருத்திரபுரம்
02.06.2024

அன்புள்ள தங்கச்சி கமலாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீன் நாற்றத்தோடு கிடைத்தது. வாசித்து அழுதேன். விதி என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் மாற்ற இயலாது. அம்மாளாச்சி உனக்கு மனத்தைரியம் தரவேண்டும்.

தர்சனுக்குச் சுகமில்லை. செத்தவீட்டால் வந்ததில் இருந்து காய்ச்சல், சாப்பாடு இறங்குவதில்லை. பூவரசங்குளத்தில் அத்தானின் தம்பி வீட்டில் நிற்கிறான். அங்கே ஏதோ வேலையும் கிடைத்திருக்கிறது. பத்தொன்பதாம் தேதி வருவது கஷ்டம். ஐயரிடம் கேட்டேன். வேறு யாரையாவது வைத்துச் செய்யலாம், சாத்திரத்தில் வழி இருக்கிறதாம். உங்கள் பக்கத்தில் அந்த மனுசனுடைய ஆட்கள் யாரும் இல்லையா? நல்லதொரு ஐயரைப் பிடித்துச் செய். செலவை நான் பார்க்கிறேன்.

பொலிஸ் எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும் தங்கச்சி. வழக்கு, கோடு கச்சேரி என்று அலைந்தால் போன உயிர் வராது. மணல்காரர் பொல்லாதவர்கள். தனிப் பெண் நீ, பனங்கொட்டைபோல் ஒற்றையாய் உருளுகிறாய். பேசாமல் இரு.

அரை மூட்டை அரிசி அனுப்புகிறேன். வீட்டு வேலை ஒருவழியாக முடிந்தது. ஹோலுக்கும் விறாந்தைக்கும் தரை போட்டாயிற்று. புதுவீட்டுக் குடிபூரலைச் செத்தவீட்டுத் துடக்கு என்றபடியால் ஆவணிக்குத் தள்ளிவிட்டோம்.

அக்கா
சிவனேஸ்வரி


தாழைமுனை
05.06.2024

சிவனேஸ்வரிக்கு,

அக்கா என்று எழுத வரவில்லை. நீங்கள் என்றும் எழுத வரவில்லை.

அரிசி வந்தது. அதைக் கடலில் கொட்டிவிட்டேன். மீனாவது தின்னட்டும்.

நேற்று நிரஞ்சன் ஒருவனைப் பிடித்தான். நிரஞ்சனைத் தெரியும்தானே, என் அவரோடு ஒரே கயிற்றில் வலை இழுக்கிற பொடியன். பிடிபட்டவன் மணல் ஏற்றுகிற கூலி. சந்தியில் குடித்துவிட்டு, "தாழைமுனைக் கிழவன் ஒருத்தன் தவளை மாதிரி நசுங்கினான்" என்று சிரித்துக் கதைத்திருக்கிறான். இழுத்துவந்து வாடிக் கம்பத்தில் வலைக்கயிற்றால் கட்டினார்கள். அடித்தார்கள். பல் இரண்டு போனது. ஆனாலும் சொல்லவில்லை. "முதலாளி கொன்றுபோடுவார்" என்று மட்டும் அழுதான்.

அப்போது நான் போனேன். ஒரு பிடி மணல் அள்ளி அவன் வாயில் திணித்தேன். இன்னும் ஒரு பிடி. மூக்கைப் பொத்தினேன். என் அவரின் வாய்க்குள் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும்தானே, நான்தானே தோண்டினேன். அந்த அளவு வரும்வரை திணித்தேன். அவன் கண் இரண்டும் வெளியே வந்தது. நிரஞ்சன்தான் என்னைப் பிடித்து இழுத்தான். "மாமி, செத்துப்போவான், விடுங்கோ."

துப்பிவிட்டுச் சொன்னான். டிப்பர் பரமலிங்கம் முதலாளியுடையது. முதலாளியும் முன்னால்தான் இருந்தான். "ஓட்டினது ஆரடா?" என்றான் நிரஞ்சன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "இவவின்ர பெறாமகன்தான். கொள்ளி வைச்சவன்."

சிவனேஸ்வரி, நீ பெற்ற மகன் என் மனுசன் மேல் டிப்பரை ஏற்றிவிட்டு, மூன்றாம் நாள் வந்து அவருக்கு நெருப்பும் வைத்திருக்கிறான். நான் அவன் முதுகைத் தடவினேன். இந்தக் கையை என்ன செய்வது? அடுப்பில் வைக்கவா?

உனக்குத் தெரியும். தெரியாமல் "பேசாமல் இரு" என்று எழுதியிருக்கமாட்டாய். காய்ச்சலாம், பூவரசங்குளமாம்.

முதலாளியின் டிப்பர் இன்று காலை சந்தியில் எரிந்தது. யார் கொளுத்தினார்கள் என்று கேட்காதே. நான் தூரத்தில் நின்று பார்த்தேன், டயர் எரிகிற மணம் எனக்குப் பிடித்திருந்தது.

பத்தொன்பதாம் தேதி அவன் இங்கே வரவேண்டும். நீ அனுப்பாவிட்டால் நிரஞ்சன் ஆட்களோடு பூவரசங்குளம் வருவான்.

கமலாட்சி


உருத்திரபுரம்
08.06.2024

கமலாட்சி,

நீ எழுதியதை அத்தானுக்குத் தெரியாமல் குசினிக்குள் இருந்து வாசித்தேன். வாசித்து அடுப்பில் போட்டேன். ஓம், எனக்குத் தெரியும். ஆனால் செத்தவீட்டுக்கு வரும்போது தெரியாது, அம்மாளாச்சி சத்தியம். திரும்பி வருகிற வழியில், பரந்தன் தாண்ட, தர்சன் வாகனத்தை நிற்பாட்டச் சொல்லி இறங்கி வயிற்றில் இருந்த எல்லாவற்றையும் சத்தியெடுத்தான். அங்கேதான், றோட்டுக் கரையில், சொன்னான்.

என் பிள்ளை கொலைகாரன் இல்லை. வயலில் நட்டத்துக்கு மேல் நட்டம், அதனால்தான் பரமலிங்கத்திடம் டிப்பர் ஓட்டப் போனான். மேட்டைக் காட்டிக்கொடுத்தது அவன்தான். அதுவும் எப்படித் தெரியும்? நீதான் போனில் சொன்னாய். "பொங்கலுக்கு வாங்கோ, அண்டைக்குக் கரையில ஒரு குருவிகூட இராது" என்று நீ சொன்னபோது அவன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பாவும் கோயிலுக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தான்.

கடைசி லோட்டை ஏற்றி முடிய அந்த மனுசன் கூலிகளின் பிடியை உதறிக்கொண்டு வந்து டிப்பருக்குப் பின்னால் மணலில் குந்திவிட்டாராம். "ஏத்துடா என் மேல" என்று கத்தினாராம். இவன் இறங்கப் பார்த்தான். பரமலிங்கம் பிடரியில் அடித்து, "பின்னால எடடா, டயர் கிட்ட வர எழும்பி ஓடுவான்" என்றான். எடுத்தான். அவர் எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை கமலா? யாராவது எழும்பாமல் இருப்பார்களா? ஒரு மண் மேட்டுக்காக உயிரைக் கொடுக்கிறதா? ஊரெல்லாம் கள்ள மண்தான் அள்ளுகிறார்கள். அந்த மனுசனுக்கு எப்போதும் பிடிவாதம். அத்தான் அன்றே சொன்னவர், தோட்டக்காட்டானோடு வாழ முடியாது என்று.

எனக்கு ஒரே ஒரு ஆண்பிள்ளை. உனக்குத் தெரியும் பிள்ளையைக் கொடுக்கிறது என்றால் என்ன என்று. அதனால் உன்னிடம்தான் மடிப்பிச்சை கேட்கிறேன். கோட்டில் ஒன்றும் சொல்லாதே. உன் காலில் விழுவேன்.

சிவனேஸ்வரி


தாழைமுனை
11.06.2024

சிவனேஸ்வரிக்கு,

ஏன் எழும்பவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன்.

என் பிள்ளை யதுர்ஷிகா செத்தது உனக்குத் தெரியும். எங்கே போட்டோம் என்று இந்தப் பதினைந்து வருடத்தில் ஒருநாள் நீ கேட்டாயா? கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 2009 பங்குனியில் இந்தக் கரையில்தான் கிடந்தோம். ஷெல் விழுந்தது. பிள்ளைக்கு நான்கு வயது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. அவர் தன் சாரத்தைக் கிழித்துச் சுற்றினார். மண்வெட்டி இல்லை, சோற்றுப் பானை மூடியால் அந்த மேட்டில் குழி தோண்டினார். அடையாளத்துக்கு ஒரு தாழங்கன்று நட்டார். முகாமால் வந்ததும் வீடு தேடவில்லை, அந்தத் தாழையைத்தான் தேடினார். அது பிழைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் கொட்டில் போட்டோம்.

மேடு கரைந்துவிடும் என்று அடம்பன் கொடி கொண்டுவந்து நட்டார். அது மேட்டை மூடி மணலைக் கட்டிப் பிடித்தது. மாரியில் கடல் ஏறிவந்தாலும் அந்த மேட்டில் முட்டித் திரும்பிவிடும். அதனால்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நன்னீராக இருந்தது. பக்கத்து மேடுகளைப் போன வருடம் அள்ளினார்கள். மார்கழியில் அந்தப் பக்கக் கிணறெல்லாம் உப்பு. ஆமை முட்டை போட வருவதில்லை. மூன்று வாடிகளைக் கடல் கொண்டுபோனது. இதைப் பிரதேச செயலகத்துக்கும் போய்ச் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. "நம்ம புள்ள படுத்திருக்கு, அது மேல மண்ணு அள்ளுற சவள் ஒண்ணு விழ விடமாட்டேன்" என்று கோடை முழுக்க அங்கேயே படுத்தார்.

இப்போது விளங்குகிறதா? உன் மகனின் டிப்பருக்குப் பின்னால் இருந்தது பிடிவாதக்காரன் இல்லை. பிள்ளையின் குழிக்கு மேல் அப்பா இருந்தார்.

அந்த இடம் இப்போது பள்ளம். அடியில் உப்புத்தண்ணீர் நிற்கிறது. நான் இறங்கிக் கையால் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஒரு எலும்பும் இல்லை. முழுக்க ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

டிப்பர் எரிந்ததற்கு முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். கத்தி, வாள். வலையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். நான்கு வாடிக்கு நெருப்பு. நிரஞ்சனின் காலைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் அடித்தார்கள். எலும்பு வெளியே தெரிந்தது. ஓடிப்போய்த் தடுத்தேன், என் தலையில் மூன்று தையல். பொலிஸ் வந்து எங்கள் பொடியன்களில் நான்கு பேரைத்தான் பிடித்துக்கொண்டு போனது.

மிச்சம் இருக்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி தர்சன் வந்தால் அதே பள்ளத்தில் அவனைக் கழுத்துவரை புதைத்து, தலையில் துடுப்பால் அடிப்பார்களாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த மண்ணை எங்கே கொட்டினான்?

கமலாட்சி


உருத்திரபுரம்
14.06.2024

தங்கச்சி,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணும்.

அந்த மண் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. ஹோலில், விறாந்தையில், தரைக்குக் கீழே.

பொங்கல் அன்று பின்னேரம்தான் கொண்டுவந்து கொட்டினான். "அம்மா, நல்ல வெள்ளை மண்" என்றான். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுக் குழாயை இழுத்துப் பின் டயரைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். "தண்ணியை ஏனடா வீணாக்கிறாய்?" என்று ஏசினேன். அந்தத் தண்ணீர் ஓடி என் வாழைக்குப் பாய்ந்தது.

உன் கடிதத்தை வாசித்தபிறகு எனக்குத் தரையில் கால் வைக்க முடியவில்லை. நடந்தால் பிள்ளை கீழே கிடக்கிறாள். கதிரையில் இருந்தால் கீழே கிடக்கிறாள். யது பிறந்தபோது நான் ஒருதரம்கூட வந்து தூக்கவில்லை. இப்போது அவள் என் வீட்டுக்கு வந்து கிடக்கிறாள்.

இரும்பு அலவாங்கை எடுத்துத் தரையை உடைத்தேன். நடு ஹோலில் தொடங்கினேன். அத்தான் ஓடிவந்து, "விசர் பிடிச்சிட்டுதோடி உனக்கு? கடன் எடுத்துப் போட்ட தரையடி!" என்று கத்தினார். நான் நிற்பாட்டவில்லை. அலவாங்கைப் பறித்து அதாலேயே என் வலது கையில் அடித்தார். முழங்கைக்குக் கீழே இரண்டாக முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விழுந்தது என்று சொன்னேன். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, இடது கையால் மறுபடி உடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்விட்டார். இன்னும் வரவில்லை.

அலவாங்குச் சத்தத்துக்கு நடுவில் தர்சன் வந்தான். பூவரசங்குளத்தில் இருந்து தானாகவே வந்தான். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு உடைத்த பள்ளத்துக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான். யது அங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது கமலா. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எழுதியபிறகுதான் தெரிகிறது, நாங்கள் கேட்கவும் இல்லை.

இரண்டு பேருமாக மண்ணைப் பசளை உரப்பைகளில் அள்ளுகிறோம். பத்தொன்பதாம் தேதி அவனை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். மண்ணையும் கொண்டுவருகிறேன். ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அவனை உயிரோடு திருப்பித் தருவேன் என்று எழுது. நீ எழுதினால் நான் நம்புவேன்.

அக்கா


தாழைமுனை
16.06.2024

அக்காவுக்கு,

அந்த வரியை எழுத மாட்டேன்.

பொய் சொல்லக்கூடாது. அவனைக் கண்டால் என் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. அந்தக் கூலியின் வாயில் மணல் திணித்தபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது அக்கா. அவரைக் கண்டெடுத்த நாளுக்குப் பிறகு வந்த ஒரே சந்தோசம் அதுதான். அது திரும்ப வராது என்று நான் எப்படி எழுதித் தருவது?

வந்தால் வரட்டும். தலையை மழித்துக்கொண்டு வரட்டும். பட்டினியாக வரட்டும். ஐயர் காலையிலேயே வருவார். மண்ணை அவனே சுமக்கவேண்டும், வேறு யாரும் ஒரு பையும் தொடக்கூடாது. பொடியன்கள் கரையில் நிற்பார்கள். எழும்ப இயலாத நிரஞ்சனையும் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்களாம். நீங்கள் அவனுக்கு முன்னால் நடந்து வாருங்கள்.

உங்கள் கைக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும் காய்ச்சி வைத்திருக்கிறேன்.

கமலாட்சி


உருத்திரபுரம்
24.06.2024

தங்கச்சி,

வந்து சேர்ந்துவிட்டேன். வீட்டில் நான் மட்டும்தான். தரையில்லாத வீடு, பள்ளத்தைத் தாண்டித் தாண்டி நடக்கிறேன். அத்தான் வந்து உடுப்பை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

மறியல் சிறைக்குப் போய்த் தர்சனைப் பார்த்தேன். தோளில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். காறை எலும்பு உடைந்து உள்ளே குத்தியதாம். முதலாளியின் பெயரைச் சொல்லிவிட்டான், எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டான். பரமலிங்கத்தையும் பிடித்துவிட்டார்கள். உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். பிண்டம் போட்டு முடித்து, அந்தக் கொதிக்கிற வெயிலில் பைகளைப் பள்ளத்துக்குச் சுமந்தான். முதுகுத் தோல் உரிந்து இரத்தம் வேட்டியில் ஊறியது. கடைசிப் பையோடு பள்ளத்துக்குள் விழுந்தான். பொடியன்கள் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருவன் மண்ணைக் காலால் அவன் மேல் தள்ளத் தொடங்கினான். நான் ஒருவன் காலைப் பிடித்தேன், உதறிவிட்டான். அப்போது நீ துடுப்போடு பள்ளத்துக்குள் இறங்கினாய். அவன் உன்னைப் பார்த்து, "சின்னம்மா, அடியுங்கோ" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு அடியின் சத்தம் கேட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கு இப்போது தெரியும், என் கையில் கேட்டதுதானே.

இரண்டாவது அடி விழவில்லை. கண்ணைத் திறந்தேன். நீ பொடியன்களைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய். கச்சான் காற்று உன் சொல்லைக் கொண்டுபோய்விட்டது. ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் துடுப்புகளைக் கீழே போட்டார்கள். நிரஞ்சன் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

என்ன சொன்னாய்? பொலிசுக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் கேட்கவேண்டும் என்றிருந்தது. உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மச்சானின் படம் ஒன்று இருந்தால் அனுப்பு. எங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுமே இல்லை.

அக்கா


தாழைமுனை
01.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதல்முறையாக அவரை மச்சான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாசிக்க இல்லை. படம் வைத்திருக்கிறேன், வலைக்கயிற்றோடு நிற்கிற படம், சிரிக்கமாட்டார்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், நான் மன்னிக்கவில்லை. முதல் அடியைத் தலைக்குத்தான் ஓங்கினேன். அவன் குனிந்தபடியால் தோளில் விழுந்தது. கோட்டில் கேட்டால் அதையும் அப்படியே சொல்வேன். அந்தக் கூலியின் வாயில் மணல் திணித்ததையும் சொல்வேன். அதற்கு என்ன தண்டனையோ தரட்டும்.

இரண்டாவது அடிக்குத் தூக்கினபோது அவன் விரலில் தர்ப்பை மோதிரம் கண்ணில் பட்டது. ஐயர் போட்டுவிட்டதை அவன் கழற்ற மறந்திருக்கிறான். அந்த விரலால்தான் அவருக்குப் பிண்டம் வைத்தவன். அப்போதுதான் பொடியன்களிடம் சொன்னேன். "இவன் செத்தால் என்ர மனுசனுக்கு ஆர் தண்ணி இறைக்கிறது? எனக்கு வேற பிள்ளை இல்லையடா. வருசா வருசம் வைகாசியில இவன் இஞ்ச வந்து, தான் சாக்காட்டினவருக்குத் தானே சோறு போடவேணும். சாகிறது லேசு. அந்த லேசை இவனுக்குக் குடுக்காதேங்கோ" என்றேன். அவ்வளவுதான்.

வருகிற வைகாசிக்கு அவன் மறியலில் இருந்தாலும் கோட்டில் அனுமதி கேளுங்கள். விலங்கோடு வந்தாலும் பரவாயில்லை. நடத்திக் கொண்டுவாருங்கள். அவன் கிழவனாகும்வரைக்கும் வரவேண்டும். நான் செத்தாலும் எனக்கும் அவன்தான்.

நீங்கள் கொண்டுவந்த பைகள் பள்ளத்தில் ஒரு மூலையைத்தான் மூடியிருக்கின்றன. அந்த மூலையில் பழைய தாழையையே திரும்ப நட்டிருக்கிறேன், பிழைக்குமோ தெரியாது. அடம்பன் கொடியும் கொண்டுவந்து போட்டேன். வாடைக்காற்று தொடங்கமுதல் கொடி பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் மாரிக் கடல் நேரே கிணற்றுக்குள் வரும். எரிந்த வாடிகளைப் பொடியன்கள் திரும்பக் கட்டுகிறார்கள். வலை இல்லை, கோடை வீணாகப் போகிறது.

மிச்ச மண்ணை எங்கெங்கே கொட்டினான் என்று தர்சனிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். கிளிநொச்சிப் பக்கம் பல வீடுகளுக்கு ஏற்றினதாக அந்தக் கூலி சொன்னான். ஒவ்வொரு வீடாகப் போகப்போகிறேன். உரப்பையோடு படலையில் நின்று கூப்பிடுவேன். என் பிள்ளை உங்கள் தரைக்குக் கீழே கிடக்கிறாள், தாருங்கள் என்று கேட்பேன். அடித்துத் துரத்தினால் அடுத்த நாளும் போவேன்.

கை ஆறினதும் நீங்களும் வாருங்கள். உங்கள் அலவாங்கையும் கொண்டுவாருங்கள்.

தங்கச்சி
கமலாட்சி